எந்த அலமாரியிலும் அடங்காத பாட்டு

கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுவோம். கல்யாணம் பார்க்க டிக்கெட் வாங்குவார் எங்கேனும் உண்டா? உண்டு. அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் 1951-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி அப்படி ஒரு கல்யாணம் நடந்தது. பேஸ்பால் பந்தயங்கள் நடக்கும் கிரிஃபித் மைதானமே மணப்பந்தல். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர். போதகர் மந்திரம்போல் வாசகங்களைச் சொல்ல, மோதிரம் மாற்றி முடிந்ததும், மணமகள் வெள்ளை மணவுடையைக்கூடக் களையாமல் மின்சாரக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். கச்சேரி ஆரம்பமாயிற்று. கடைசியில் வாணவேடிக்கையும் நடந்தது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. இந்த விழாவை நடத்தக் கச்சேரி ஏற்பாட்டாளர்களோடு மணமகள் ஒப்பந்தம் செய்துகொண்டபோது மாப்பிள்ளை யார் என்றே முடிவாகவில்லை! நாள் குறித்த பிறகுதான் மாப்பிள்ளை தேடினார்கள். கல்யாணச் சடங்கை டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியார் ஒலிப்பதிவு செய்து, இசைத்தட்டாக்கிக் கடைகளில் விற்றார்கள்.

அந்த மணமகள்தான் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். அப்போது அவருக்கு வயது 36. அமெரிக்காவின் கறுப்பு இன மக்களிடையே அவர் பெயரை அறியாத வீடு அரிது. ஆயினும் அவரை விற்று வந்த கம்பெனிக்கு 13 ஆண்டுகளாக ஒரே தலைவலி. இந்த அம்மையாரின் பாட்டை எந்தப் பெயரில் விற்பது? பக்திப் பாட்டு என்றா, நடனப் பாட்டு என்றா? தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம் விற்பதா, இரவு விடுதிக்குப் போகிறவர்களிடம் விற்பதா? இந்தக் கேள்விக்குக் கம்பெனி ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதிலைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பதிலுக்கும் விலை கொடுத்தவர் ரோசெட்டா அம்மையார்.

பருத்திக் காட்டுக் குழந்தை

தென் அமெரிக்க மாநிலங்கள் என்று சொல்லப்படும் ஐக்கிய நாட்டுத் தென்பகுதியில் ஆர்கன்சா என்று ஒரு மாநிலம். அங்கே காட்டன் பிளாண்ட் என்று ஓர் ஊர். பருத்திச் செடி என்பதுதான் ஊரின் பெயருக்கே பொருள். அந்த ஊரில் 1915-ஆம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி ரோசெட்டா பிறந்தாள். தாயார் கேட்டி பெல் நியூபின் பருத்தி பறிக்கும் கூலி வேலை செய்தவர். ஆனால் அவருக்கு நல்ல சாரீரம் உண்டு. மாண்டலின் வாசிப்பார். வேதாகமத்தை விளக்கிப் பிரசங்கமும் செய்வார்.

தாயார் சேர்ந்திருந்த சபை சாதாரணச் சபையல்ல. சார்லஸ் மேசன் என்ற போதகர் நிறுவிய அந்தச் சபையில் ஆராதனை என்றால் அமைதியாக உட்கார்ந்து கேட்பதல்ல. கைத்தாளம், கஞ்சிரா போன்ற தம்பூரின், முரசு, கிதார் எல்லாம் முழங்கும். பரவசம் வந்தவர்கள் எழுந்து ஆடுவார்கள். பழைய சபைகள் பல முகம் சுளித்த வாத்தியங்களை இந்தச் சபை இரு கை நீட்டி வரவேற்றது. பெண்கள் சபையின் முன் நின்று போதிக்கவும் அங்கே இடம் இருந்தது.

குழந்தைக்கு நாலு வயதிலேயே கிதார் கைக்கு வந்துவிட்டது. ஆறு வயதுக்குள் தாயாரோடு ஊர் ஊராகச் சென்று ஊழியக் கூட்டங்களில் பாட ஆரம்பித்தாள். பெண்கள் கிதார் வாசிப்பதே அபூர்வமாயிருந்த காலம் அது. பின்னர் தாயும் மகளும் சிகாகோ நகரில் குடியேறினார்கள். தெற்கே பருத்திக் காட்டில் பிழைக்க வழியில்லாமல் லட்சக்கணக்கான கறுப்பு மக்கள் வடக்கு நகரங்களுக்கு வந்து சேர்ந்த நாட்கள் அவை. அவர்களோடு தெற்கத்திப் பாட்டும் வந்தது. ஞாயிறு காலையில் ஆராதனைப் பாட்டு. சனி இரவில் புளூஸ் என்னும் சோகப் பாட்டும் ஜாஸ் நடன இசையும். சிறுமி ரோசெட்டா பாடியது தேவாலயத்தில்தான். ஆனால் தெருவில் கேட்டதெல்லாம் விரல்களில் ஏறிக்கொண்டது.

1934-ல் பத்தொன்பது வயதில் தாமஸ் தார்ப் என்ற போதகரை மணந்தார். அந்த வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1938-ல் கணவரைப் பிரிந்து தாயாரோடு நியூயார்க்குக்குப் புறப்பட்டார். கணவரை விட்டாலும் கணவரின் பெயரை விடவில்லை. உச்சரிப்பும் எழுத்தும் சற்று மாறி, அதுவே கலைப் பெயராக நிலைத்துவிட்டது.

கம்பெனிக்காரர்களின் அலமாரிகள்

நியூயார்க்கில் அவருக்குக் காத்திருந்த வியாபாரத்தைப் புரிந்துகொண்டால்தான் அவருடைய கதை புரியும்.

1920-ல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் புளூஸ் இசைத்தட்டு ஒன்று யாரும் எதிர்பாராத அளவில் விற்றது. கறுப்பு மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் அப்போதுதான் கண்டுகொண்டன. உடனே அவர்களுக்கென்று தனி வரிசை ஆரம்பித்தார்கள். அதற்கு இன இசைத்தட்டு வரிசை என்று பெயர். தனி எண்கள், தனி விலைப்பட்டியல், கறுப்பு மக்களின் பத்திரிகைகளில் தனி விளம்பரம். கிராமத்து வெள்ளையர்களின் பாட்டுக்கு வேறொரு வரிசை. அதற்குக் காட்டான் பாட்டு என்று கேலியாகப் பொருள்படும் பெயர். நகரத்து வெள்ளையர்களின் பாட்டுக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை, அதுதான் பாட்டு!

ஆக, கடைக்காரன் இசைத்தட்டை அடுக்கும் அலமாரி, பாட்டின் குணத்தைப் பார்த்து அமைந்ததல்ல; பாடுகிறவரின் தோலையும் வாங்குகிறவரின் தெருவையும் பார்த்து அமைந்தது. அந்த இன வரிசைக்கு உள்ளேயே மறுபடியும் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. ஒரு பக்கம் புளூஸும் ஜாஸும். மறு பக்கம் பக்திப் பாட்டும் பிரசங்கமும். கம்பெனி இரண்டையும் விற்றது. ஆனால் ஒருவரே இரண்டு பக்கமும் நிற்பதை வாங்குகிறவர்களில் பலர் சகிக்கவில்லை. புளூஸ் சாத்தானின் பாட்டு என்பது சபையாரின் தீர்ப்பு.

1934-ல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்கா கம்பெனி புதிய தந்திரம் ஒன்று செய்தது. மற்றவர்கள் ஓர் இசைத்தட்டை 75 சென்டுக்கு விற்றபோது டெக்கா 35 சென்டுக்கு விற்றது. பொருளாதார மந்தத்தில் ஜனங்கள் தவித்த காலத்தில் அது பெரிய சலுகை. காசு போட்டால் பாடும் இசைப் பெட்டிகளுக்கும் டெக்கா தட்டுகள் ஏராளமாகப் போயின. விலை குறைவென்றால் விற்பனை அதிகமாக வேண்டும். விற்பனை அதிகமாக வேண்டுமென்றால் ஒரு தட்டு பல தெருக்களில் விலைபோக வேண்டும்.

1937-ல் மஹேலியா ஜாக்சன் என்ற இளம் பாடகியின் பக்திப் பாடல்கள் நான்கை டெக்கா பதிவு செய்திருந்தது. அவை எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. மறு ஆண்டு, 1938 அக்டோபர் 31-ந் தேதி, ரோசெட்டா தார்ப் அதே கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். குரலும் கிதாருமாக நாலு பாடல்கள் பதிவாயின. அவை விற்றன, பெயரும் பெற்றுத் தந்தன.

ஒரே பாட்டு, இரண்டு பொருள்

ஏன் விற்றன? அந்த நாலில் ஒன்றைப் பார்த்தால் விளங்கும். தாமஸ் டார்சி என்பவர் இயற்றிய பக்திப் பாட்டு அது. ஆண்டவனை நோக்கி, தாய் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் என்னைத் தாலாட்டு என்று வேண்டுவது அதன் கருத்து. டெக்கா அதை 'ராக் மீ' என்ற தலைப்பில் வெளியிட்டது. தாலாட்டு என்றும் பொருள்படும், ஆட வை என்றும் பொருள்படும் சொல் அது. ரோசெட்டா பாடிய துள்ளலில், சபையார் காதில் அது பிரார்த்தனை. விடுதியில் மதுக்கோப்பையோடு உட்கார்ந்திருப்பவன் காதில் அதே சொல் சிருங்காரம். பாட்டு ஒன்று, வாங்குகிறவர்கள் இரண்டு கூட்டத்தார்.

அதே மாதம் அவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற காட்டன் கிளப் விடுதியில் காப் கல்லோவேயின் வாத்தியக் கோஷ்டியோடு மேடையேறினார். மேடையில் ஆடிப் பாடுகிறவர்கள் கறுப்பு மக்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வெள்ளைச் சீமான்கள். அந்த இடத்தில் தேவாலயப் பாட்டு! டிசம்பர் 23-ந் தேதி ஜான் ஹாமண்ட் என்ற இசை ஆர்வலர், கறுப்பு மக்களின் இசை வரலாற்றைக் காட்டுவதற்காகக் கார்னகி மண்டபத்தில் நடத்திய கச்சேரியிலும் ரோசெட்டா பாடினார். விடுதியில் அவர் வேடிக்கை. மண்டபத்தில் அவர் கிராமியக் கலைச் செல்வம். இரண்டு மாதத்துக்குள் இரண்டு முத்திரைகள்.

1939-ல் 'லைப்' பத்திரிகை அவரைப் பற்றிப் படங்களோடு கட்டுரை வெளியிட்டது. தேவாலயத்தில் பாடும் பாட்டையே இரவு விடுதியிலும் பாடும் பாடகி என்பதுதான் அதன் சுவாரசியம். கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? சபைப் பெண்களை மரியாதையாக அழைக்கும் 'சிஸ்டர்' என்ற சொல்லும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் அந்தச் சொல் இருந்தது. விடுதி விளம்பரத்திலும் இருந்தது. பக்தர்களுக்கு அது அடையாளம். விடுதிக்காரர்களுக்கு அது ருசி கூட்டும் மசாலா.

ஆனால் சபையாரில் பலர் மனம் நொந்தார்கள். தங்களோடு முழங்காலிட்டு ஜெபித்த பெண், புகையும் மதுவும் நிறைந்த இடத்தில் ஆண்டவன் நாமத்தைப் பாடுவதா? இந்தக் கேள்வி ரோசெட்டாவையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு ஓடினார். சாகும்வரை தாயாரின் சபையை அவர் மறக்கவில்லை.

ஒப்பந்தக் கட்டு

1941-ல் லக்கி மில்லிண்டரின் பெரிய நடன இசைக் கோஷ்டியில் பாடகியாகச் சேர்ந்தார். ஸ்விங் என்ற நடன இசையின் பொற்காலம் அது. பத்துப் பதினைந்து ஊதுகுழல்களின் முழக்கத்துக்கு மேலே எழும்பிக் கேட்டது ரோசெட்டாவின் குரல். பழைய பக்திப் பாடல்களையே கோஷ்டியோடு மறுபடி பதிவு செய்து டெக்கா விற்றது. அதோடு நிற்கவில்லை. 1942-ல் வெளிவந்த ஒரு பாட்டு, நெட்டையாய் ஒல்லியாய் ஒரு காதலன் வேண்டும் என்று நாயகி ஏங்கும் பாட்டு. அதில் ஆண்டவனும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. பாடியவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்!

இரண்டு பொருள் கொண்ட பாட்டைச் சகித்தவர்கள்கூட இதைச் சகிக்கவில்லை. எந்தப் பாட்டைப் பாடுவது என்று தீர்மானிக்கும் உரிமை, கோஷ்டியில் மாதச் சம்பளத்துக்குப் பாடுகிறவருக்குக் கிடையாது. 1943-ல் ரோசெட்டா கோஷ்டியை விட்டு விலகினார். பக்திப் பாட்டே தம் வழி என்று அறிவித்துக் கிதாரோடு தனியே கிளம்பினார்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து போரிடும் சிப்பாய்களுக்காக அமெரிக்க அரசாங்கம் தயாரித்த விசேஷ இசைத்தட்டுகளில் ரோசெட்டாவின் பாட்டும் இடம் பெற்றது. பக்திப் பாடகர்களில் அந்த வாய்ப்புக் கிடைத்தவர்கள் மிகச் சிலரே.

1944-ல் நடந்த அதிசயம்

1944 செப்டம்பரில் டெக்கா ஒரு புதிய ஜோடி சேர்த்தது. சாமி பிரைஸ் என்பவர் புளூஸ் பாட்டுக்குப் பியானோ வாசிப்பதில் வல்லவர். இடது கை ஓயாமல் உருண்டோட, வலது கை துள்ளி விளையாடும் பூகி-வூகி என்ற வாசிப்பு அவருடையது. அவருடைய பியானோ, ஒரு தந்தி வாத்தியம், ஒரு முரசு. நடுவே ரோசெட்டாவின் குரலும் மின்சாரக் கிதாரும். பாடியது பக்திப் பாட்டு. தினந்தோறும் உலகில் நடக்கும் விசித்திரங்களைச் சொல்லி, வேஷதாரிப் பக்தர்களைச் சாடும் பாட்டு. ஆனால் மேளக்கட்டு முழுவதும் நடன விடுதியின் மேளக்கட்டு.

1945-ல் அந்தத் தட்டு வெளியாயிற்று. வியாபாரப் பத்திரிகையான 'பில்போர்டு' கறுப்பு மக்களின் இசைப் பெட்டிகளில் அதிகம் ஒலிக்கும் பாட்டுகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டு வந்தது. அந்தப் பட்டியலில் இந்தப் பாட்டு இரண்டாவது இடம் வரை ஏறிற்று. மதுக்கடை மூலையில் காசு போட்டுக் கேட்கும் பெட்டியில் பக்திப் பாட்டு! பத்தாண்டு கழித்து உலகையே ஆட்டிவைத்த ராக் அண்ட் ரோல் இசைக்கு முன்னோடி எது என்று ஆராய்கிறவர்களில் பலர் இந்தத் தட்டைக் காட்டுகிறார்கள். முதல் ராக் அண்ட் ரோல் தட்டு இதுவே என்று சாதிப்பவர்களும் உண்டு.

ஆனால் 1945-ல் அந்தப் பெயர் கொண்ட அலமாரி இல்லை. இல்லாத அலமாரியில் எப்படி அடுக்குவது? கம்பெனி அதை இன வரிசையிலேயே வைத்தது. 1949-ல் 'பில்போர்டு' அந்தப் பட்டியலின் பெயரை ரிதம் அண்ட் புளூஸ் என்று மாற்றியது. பெயர்ப் பலகை மாறியதே தவிரச் சுவர் இடியவில்லை.

1946-ல் மேரி நைட் என்ற இளம் பாடகியின் குரலில் மயங்கி, ரோசெட்டா அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். இருவர் குரலும் கேள்வியும் பதிலுமாய் மாறி மாறி எழும். 1947-ல் இருவரும் பாடிய 'அப் அபவ் மை ஹெட்' பெருவெற்றி பெற்றது. விடுதியும் அல்ல, கோஷ்டியும் அல்ல. இரண்டு சபைப் பெண்கள் பாடும் பாட்டு. சபையார் மனம் குளிர்ந்தார்கள். இந்த ஆண்டுகளே ரோசெட்டாவின் புகழ் உச்சியில் நின்ற ஆண்டுகள்.

பயணத்தில் மட்டும் புகழ் உதவவில்லை. தென்பகுதி ஊர்களில் கறுப்பு மக்களுக்கு ஓட்டலில் அறை கிடையாது. சாப்பாட்டு மேஜை கிடையாது. ஆகையால் ரோசெட்டா பஸ் வண்டி ஒன்றிலேயே படுக்கை அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளைப் பாடகர் நால்வர் அவரோடு சுற்றுப்பயணம் செய்தனர். சாப்பாட்டு விடுதிக்குள் அவர்கள் போய் உணவு வாங்கி வர, நாடறிந்த பாடகி வெளியே வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் குழுதான் பிற்காலத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்பாட்டுப் பாடியது.

1947-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேகன் நகரில் ஒரு சம்பவம். கச்சேரி மண்டபத்தில் குளிர்பானம் விற்கும் பதினாலு வயதுப் பையன் ஒருவன், ரோசெட்டா காதில் விழும்படி அவருடைய பாட்டையே பாடினான். அம்மையார் அவனை மேடைக்கு அழைத்துப் பாட வைத்து, கையில் பணமும் கொடுத்தனுப்பினார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் உலகைக் கலக்கிய லிட்டில் ரிச்சர்ட்.

நடுவே விழுந்தவர்

1950-க்குப் பிறகு காற்று மாறியது. மஹேலியா ஜாக்சன் வேறு கம்பெனிக்குப் பாடி, 1940-களின் பிற்பகுதியில் மாபெரும் வெற்றி கண்டிருந்தார். புளூஸ் பாட மாட்டேன், இரவு விடுதியில் பாட மாட்டேன் என்பது மஹேலியாவின் சபதம். அந்தச் சபதமே அவரை விற்பதை எளிதாக்கிற்று. பக்திப் பாட்டின் அரசி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். கடைக்காரனுக்கும் குழப்பமில்லை, சபையாருக்கும் சந்தேகமில்லை. ரோசெட்டாவை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது.

டெக்கா பல வழிகளில் முயன்றது. 1951-ல் மைதானக் கல்யாணத்தைத் தட்டாக்கியது அவற்றில் ஒன்று. பாட்டுக்கு அலமாரி கிடைக்காதபோது பாடகியின் வாழ்க்கையையே விற்கும் வழி அது. 1952-ல் கிராமத்து வெள்ளையர்களின் அபிமானப் பாடகரான ரெட் ஃபோலியோடு அவரைச் சேர்ந்து பாட வைத்தது. கறுப்புப் பெண்ணும் வெள்ளை ஆணும் சேர்ந்து ஒரு பக்திப் பாட்டுப் பாடுவது அந்த நாளில் துணிச்சலான காரியம். ஆயினும் அந்தத் தட்டு எந்த அலமாரிக்கு உரியது? அவருடைய அலமாரிக்கா, இவருடைய அலமாரிக்கா?

அதன் பிறகு நடந்ததுதான் பெருந்தவறாக முடிந்தது. 1950-களின் முற்பகுதியில் ரோசெட்டாவும் மேரி நைட்டும் கடவுள் சம்பந்தமில்லாத புளூஸ் பாடல்களைப் பதிவு செய்தார்கள். பக்தர்கள் வெகுண்டார்கள். முன்பு ஒருமுறை விலகிப்போய்த் திரும்பி வந்தவள் மறுபடியும் போய்விட்டாள் என்ற எண்ணம் பரவியது. சரி, புளூஸ் ரசிகர்களாவது வாங்கினார்களா? அவர்களுக்கு இவர் இன்னும் சபைச் சகோதரியே. இரண்டு பக்கமும் சொந்தமாயிருந்தவர் இரண்டு பக்கமும் அந்நியரானார். கச்சேரிக்குக் கூட்டம் குறைந்தது. மேரி நைட் தனி வழி போனார். 1938 முதல் அவர் குரலைத் தாங்கி வந்த டெக்காவோடு இருந்த தொடர்பும் முடிந்தது. 1956-ல் வேறொரு கம்பெனிக்காக அவர் பாடினார்.

அந்த ஆண்டுகளில்தான் எல்விஸ் பிரெஸ்லி உலகப் புகழ் பெற்றார். பக்திப் பாட்டின் துள்ளலும் புளூஸின் தாளமும் மின்சாரக் கிதாரும் கலந்த அதே சரக்கு இப்போது புதிய பெயரில், புதிய அலமாரியில், கோடிக்கணக்கில் விற்றது. அலமாரி வந்தபோது ரோசெட்டாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர் பெண், கறுப்பு இனத்தவர், சபைப் பாடகி. பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் முகமாக அவரைக் கம்பெனிகள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

மழையில் ஒரு ரயில் நிலையம்

உள்ளூரில் விலைபோகாத சரக்கு அயலூரில் விலைபோயிற்று. 1957-ல் கிறிஸ் பார்பர் என்ற ஆங்கிலேய ஜாஸ் கலைஞரின் அழைப்பில் ரோசெட்டா இங்கிலாந்து சென்றார். அங்கே அவரை யாரும் சபை நீக்கம் செய்யவில்லை. அமெரிக்க இசையின் ஊற்றைத் தேடித் தவித்த இளைஞர்களுக்கு அவர் தீர்த்த யாத்திரை வந்த தெய்வம்போல் இருந்தார்.

1964 மே மாதம் மட்டி வாட்டர்ஸ் முதலிய புளூஸ் கலைஞர்களோடு மறுபடியும் சென்றார். மான்செஸ்டர் நகரில் ரயில் நின்றுபோன ஒரு பழைய நிலையத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். ஒரு பிளாட்பாரத்தை அமெரிக்கத் தெற்கத்தி ரயில் நிலையம்போல் ஜோடித்து, எதிர்ப் பிளாட்பாரத்தில் ரசிகர்களை உட்கார வைத்தார்கள். நடுவே தண்டவாளம். அன்று பார்த்து மழை! குதிரை வண்டியில் வந்து இறங்கிய ரோசெட்டா அம்மையார், மேல்கோட்டோடு வெள்ளைக் கிதாரை மாட்டிக்கொண்டு, நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றிய பழைய மழைப் பாட்டையே எடுத்தார். வயது 49. விரல்கள் தந்தியில் பறந்தன. ஈரப் பிளாட்பாரத்தில் அடி போட்டு நடந்தார். எதிரே இருந்த வெள்ளைக்கார இளைஞர்கள் குளிரை மறந்து கை தட்டினார்கள். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ரோசெட்டாவைப் பெயர் அளவில்கூட அறியாத இன்றைய தலைமுறை அவரைக் கண்டுகொள்வது பெரும்பாலும் அந்தச் சில நிமிஷக் காட்சியில்தான்.

அங்கும் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் சபைக்காரி என்று ஒதுக்கப்பட்டவரை இங்கிலாந்தில் புளூஸ்காரி என்று கொண்டாடினார்கள். சரியான பெயர் அங்கும் கிடைக்கவில்லை.

பெயரில்லாத கல்லறை

பிலடெல்பியா நகரில் கணவர் ரஸ்ஸல் மாரிசனோடு அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். மைதானத்தில் டிக்கெட் போட்டு நடந்த அந்தக் கல்யாணம் கடைசி வரை நிலைத்தது. அந்த ஆண்டுகளிலேயே தாயார் காலமானார். மாண்டலினும் ஜெபமுமாய்ப் பருத்திக் காட்டிலிருந்து மகளைக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர். 1970-ல் ரோசெட்டாவுக்குப் பக்கவாதம் கண்டது. நீரிழிவு நோயால் ஒரு காலை எடுக்க நேர்ந்தது. ஆயினும் பாட்டை நிறுத்தவில்லை, உட்கார்ந்துகொண்டு பாடினார். மறுபடியும் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடாகியிருந்த நேரத்தில், 1973 அக்டோபர் 9-ந் தேதி, 58-ஆவது வயதில் காலமானார்.

ஒரு காலத்தில் 25 ஆயிரம் பேர் காசு கொடுத்துக் கல்யாணம் பார்க்க வந்த அம்மையாரின் கல்லறைக்கு ஒரு பெயர்க் கல்கூட வைக்கப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2008-ல் ரசிகர்கள் பிலடெல்பியாவில் ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அதன் பிறகே அங்கே கல் எழுந்தது.

மற்றக் கௌரவங்களும் மெல்ல வந்தன. 1992-ல் ஜானி காஷ் என்ற புகழ்பெற்ற பாடகர், தமக்குச் செய்த மரியாதை விழாவில், சிறு வயதில் தாம் விரும்பிக் கேட்ட பாடகி ரோசெட்டாதான் என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1998-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவர் உருவத்தோடு 32 சென்ட் தபால் தலை வெளியிட்டது. மஹேலியா ஜாக்சனும் இடம்பெற்ற பக்திப் பாடகியர் வரிசையில் அவர் முகம் இருந்தது. 2018-ல் கிளீவ்லண்டு நகரிலுள்ள ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம், அந்த இசைக்கு ஆதியில் வழிகாட்டியவர் என்று அவரைச் சேர்த்துக்கொண்டது. மண்டபம் தொடங்கி முதல் கலைஞர்களைக் கௌரவித்தது 1986-ல். லிட்டில் ரிச்சர்டும் எல்விஸ் பிரெஸ்லியும் அன்றே உள்ளே போய்விட்டார்கள். வழி காட்டியவருக்கு வாசற்கதவு திறக்க 32 ஆண்டுகள் ஆயின.

தபால் இலாகா அவரைப் பக்திப் பாடகி என்றது. புகழ் மண்டபம் ராக் அண்ட் ரோலின் முன்னோடி என்றது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் செய்தார் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் கம்பெனிக்கும் சபைக்கும் மனம் வரவில்லை. விற்கிறவனுக்கு அலமாரி வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த அலமாரியின் அளவுக்குப் பாடகியை நறுக்கப் பார்த்தபோதெல்லாம், நட்டப்பட்டது பாட்டும் பாடகியும்தான். காட்டன் பிளாண்டில் கிதார் பிடித்த நாலு வயதுக் குழந்தைக்குப் பக்தி வேறு, துள்ளல் வேறு என்று தெரியாது. அம்மா பாடினாள், அவளும் பாடினாள். அந்தப் பாட்டைத்தான் மான்செஸ்டர் மழையிலும் அவர் பாடினார்.